வரவு வேறு, வருமானம் வேறு!

2025 ஜூலைத் திங்கள். கர்நாடகத்து ஹாவேரியிலே ஒரு காய்கறிக் கடைக்காரர். கூடையிலே கத்தரியும் தக்காளியும். கடை முகப்பிலே ஒரு சதுர அட்டை. வாங்க வருகிறவர் கைப்பேசியை நீட்டினால் காசு கணக்கிலே போய் விழும் க்யூ.ஆர். அட்டை. அந்த எளியவருக்கு வந்து சேர்ந்தது ஒரு நோட்டீஸ். "நான்கு ஆண்டுகளில் 1 கோடியே 63 இலட்சம் ரூபாய் உம் கணக்கில் ஏறியிருக்கிறது. ஆகவே 29 இலட்சம் ரூபாய் ஜி.எஸ்.டி. செலுத்தும்!" என்றது அது.

அவர் ஒருவருக்கு மட்டுமா? பேக்கரிக்காரர், டீக்கடைக்காரர், பெட்டிக்கடைக்காரர் என்று ஆயிரக்கணக்கானோருக்கு நோட்டீஸ் பறந்தது. பெங்களூர்த் தெருக்களிலே க்யூ.ஆர். அட்டைகள் கழற்றப்பட்டன. "ரொக்கம் மட்டும்" என்று எழுதிய காகிதங்கள் ஒட்டப்பட்டன. காய்கறிக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது என்பதைக் கடைக்காரர் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. கடையடைப்பு என்ற பேச்சு எழுந்தபிறகு, பழைய பாக்கியைக் கேட்க மாட்டோம் என்று அம்மாநில முதலமைச்சரே அறிவிக்க வேண்டியதாயிற்று.

நோட்டீஸ் அடங்கிற்று. ஆனால், தோழர்களே, அதிலே அடங்கியிருந்த பாடம் அடங்கிவிடவில்லை. அது கர்நாடகத்தாருக்கு மட்டுமே உரிய பாடமும் அல்ல.

அந்த நோட்டீசை அனுப்பியவர்கள் கண்டது என்ன? வந்த பணம். காணாதது என்ன? போன பணம். விடியற்காலையிலே மண்டிக்குக் கொடுத்தது, வண்டி வாடகை கொடுத்தது, வாடிப்போய்க் குப்பையிலே கொட்டியது, கடன்காரனுக்கு வட்டி கட்டியது ஆகிய எதுவும் அந்த 1 கோடியே 63 இலட்சத்திலே தெரியாது. முன்னாளில் கல்லாப்பெட்டி ஊமை. இன்று அதற்கு வாய் முளைத்துவிட்டது. வருகிற ஒவ்வொரு காசையும் அது வங்கிக்குச் சொல்லுகிறது. வங்கி சொல்ல, அதிகாரி அறிகிறார். செலவு மட்டும் இன்னும் ஊமையாகவே இருக்கிறது. அதற்கு வாய் கொடுக்க வேண்டியவர் கடைக்காரர்தான். வாய் என்று நாம் சொல்வது, ஒரு நோட்டுப் புத்தகமும் கொஞ்சம் ரசீதும்!

ஜி.எஸ்.டி. என்பது விற்பனையைப் பார்க்கும் வரி. வருமான வரி என்பது இலாபத்தைப் பார்க்கும் வரி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, "எல்லாம் வரிதானே" என்று கையை விரிப்பவர்கள் நம்மிடையே ஏராளம். இன்று நாம் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி. தையற்கடை, பட்டறை, மளிகைக்கடை, அச்சகம், உணவு விடுதி என்று சொந்தக் காலிலே நிற்கும் நம் தோழர்கள், எந்தச் செலவைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது, கழிக்க முடியாமற்போவது யாருடைய உழைப்பு என்பதைப் பற்றி.

வெள்ளையன் தந்த வரி, விட்டுவைத்த விதி

1857 கிளர்ச்சியை அடக்கியதிலே கஜானா காலியாயிற்று. அதை நிரப்ப 1860-இல் ஜேம்ஸ் வில்சன் என்ற ஆங்கிலேயர் இந்த நாட்டிற்கு வருமான வரியைக் கொண்டுவந்தார். பிறகு 1922-இல் ஒரு சட்டம். விடுதலைக்குப் பின் 1961-இல் ஒரு சட்டம். அதையும் மாற்றி 2025-இல் ஒரு புதுச் சட்டம் நிறைவேற்றி, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்றார்கள். பிரிவுகளின் எண்கள் மாறின, அடிப்படை மாறவில்லை. தொழிலுக்கு வரி போடும்போது, வந்ததன்மீது வரி இல்லை. வந்ததிலே, வரவழைப்பதற்காகச் செலவானதைக் கழித்து, மிஞ்சியதன்மீதுதான் வரி. இதுதான் அடிப்படை.

எதைக் கழிக்கலாம்? 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு ஓர் அளவுகோல் தந்தது. செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே செய்ததாக இருக்க வேண்டும். சொந்த வீட்டுச் செலவாக இருத்தல் கூடாது. இயந்திரம், கட்டடம் போல் நெடுநாள் நிற்கும் முதலீடாக இருத்தல் கூடாது. அதற்கு வேறு வழி உண்டு. சட்டம் தடுத்த காரியத்திற்கான செலவாகவும் இருத்தல் கூடாது. இந்த நான்கு வாசலையும் தாண்டிய செலவு, கழிக்கத் தக்க செலவு.

கோவை கணபதிப் பகுதியிலே லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவரைக் கண்டோம். இரண்டு லேத், ஒரு துளையிடும் இயந்திரம், மூன்று தொழிலாளர். நம்மைவிட இருபது வயது மூத்தவர்.

"அண்ணா, கணக்கு எழுதுகிறீர்களா?" என்றோம்.

"நமக்கெதுக்குங்க தம்பி கணக்கு? வருது, போகுது" என்றார்.

"வருவதை யார் எழுதுகிறார்?"

"அதுதான் பேங்க்குல இருக்குதுங்களே."

"போவதை?"

சிரித்தார். நெற்றியை விரலால் தட்டிக் காட்டினார். "எல்லாம் இங்க இருக்குதுங்க."

"அதிகாரி வந்தால் உங்கள் நெற்றியையா படிப்பார், அண்ணா?" என்றோம். சிரிப்பு நின்றது. ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். உட்கார்ந்தோம்.

பட்டறை வாடகை? எழுதுங்கள், கழியும். மின்கட்டணம்? கழியும். மூன்று பேர் கூலி, தீபாவளிக்கு அவர்களுக்குக் கொடுத்த போனஸ்? கழியும். இரும்பு, எண்ணெய், வெட்டும் கருவி? கழியும். வங்கிக் கடனுக்கு வட்டி? கழியும், அசல் கழியாது. தீ, திருட்டுக்கான இன்ஷூரன்ஸ்? கழியும், உங்கள் ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிற்செலவு ஆகாது. இரு சக்கர வண்டிக்குப் பெட்ரோல்? பட்டறை வேலையாகப் போன பங்கு கழியும். கோயில், குளம், கல்யாணம் என்று போன பங்கு கழியாது. பையனின் பள்ளிக் கட்டணம்? கழியாது. போக்குவரத்துப் போலீஸ் போட்ட அபராதம்? கழியாது. கட்டிய வருமான வரி? அதுவும் கழியாது. பொருளை வாங்கிக்கொண்டு பணம் தராமல் ஓடிப்போனவன் வைத்த பாக்கி? விற்பனையாக முன்பே கணக்கிலே ஏற்றியிருந்து, வாராக்கடன் என்று ஏட்டிலே தள்ளுபடி எழுதினால் கழியும். ஏடே இல்லாதவருக்கு எதைத் தள்ளுவது?

"லேத் வாங்கினது நாலு இலட்சமுங்க. அது?"

அதை ஒரே ஆண்டிலே கழிக்க முடியாது. தேய்மானம் என்று ஆண்டுக்கு 15 விழுக்காடு கழியும். முதல் ஆண்டு 60,000. மிச்சம் நிற்கும் 3,40,000-இல் அடுத்த ஆண்டு 51,000. இப்படிக் குறைந்துகொண்டே போகும். வாங்கிய ஆண்டிலே 180 நாளுக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் அந்த ஆண்டு பாதிதான். நண்பர் நான்கு ஆண்டாக அந்த லேத்தை ஓட்டுகிறார். ஒரு காசு தேய்மானம் எழுதியதில்லை. இரும்பு தேய்ந்தது, கணக்கு தேயவில்லை!

இன்னொன்றையும் சொன்னோம். ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தச் செலவைச் சட்டம் ஏற்காது. லாரிக்காரருக்குக் கொடுப்பது 35,000 வரை ஏற்கும். விளைவித்த உழவரிடமே வாங்கும் விளைபொருள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. மற்றவற்றுக்கு வங்கி வழியாகத்தான் தரவேண்டும். இரும்புக் கடைக்கு 40,000 ரூபாயை நோட்டாக எண்ணிக் கொடுத்துவிட்டு, பில்லையும் வாங்கி வைத்திருந்தார் நண்பர். பில் உண்மை. இரும்பு உண்மை. பணம் போனதும் உண்மை. ஆனால் அந்த 40,000-மும் இலாபமாகவே கருதப்படும்! கொடுத்த முறை பிழை என்பதால், கொடுத்ததே இல்லை என்றாகிவிடும்.

கடத்தல்காரனின் கணக்கு

இங்கே ஒரு பழைய வழக்கை நினைவூட்ட வேண்டும். 1958-இல் ஒருவன் 65,500 ரூபாய் நோட்டுகளோடு பாக்கிஸ்தான் எல்லையைக் கடக்கும்போது பிடிபட்டான். தங்கம் வாங்கி இங்கே கடத்திக் கொண்டுவரும் நோக்கம். பணம் பறிமுதல். வருமான வரி அதிகாரி அந்தப் பணத்திற்கு வரி கேட்டார். அவன் என்ன சொன்னான் தெரியுமோ? "என் தொழில் கடத்தல் என்று நீங்களே சொல்கிறீர்கள். பறிபோன பணம் அந்தத் தொழிலிலே எனக்கு ஏற்பட்ட நட்டம். கழித்துக் கொடுங்கள்!" என்றான். வழக்கு படிப்படியாக ஏறி, 1980-இல் உச்சநீதிமன்றம் அவன் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. கடத்தலைத் தொழிலென்று வைத்து வரி கேட்டால், அத்தொழிலிலே வந்த நட்டத்தையும் கழிக்கத்தான் வேண்டும் என்றது.

பிறகு 1998-இல் சட்டத்திலே ஒரு விளக்கம் சேர்த்து, குற்றமான காரியத்திற்காகச் செய்யும் செலவு கழியாது என்று எழுதினார்கள். அது சரிதான். ஆயினும் வேடிக்கையைப் பாருங்கள்! கடத்தியவன் தன் நட்டத்துக்குக் கணக்குச் சொல்லி உச்சநீதிமன்றம் வரை ஏறி வென்றான். இரவும் பகலும் லேத்தோடு போராடும் நேர்மையாளரோ, கூலி கொடுத்ததற்குக்கூட ஒரு கையெழுத்து வாங்கி வைக்கவில்லை. நேர்மையே சாட்சி என்று நினைக்கிறார். சட்டத்திற்குச் சாட்சி நேர்மை அல்ல, தோழர்களே, காகிதம்!

யார் வியர்வை செலவு? யார் வியர்வை இலாபம்?

நோட்டை எழுதி முடித்தபிறகு நண்பர் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விதான் நம்மை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

"இந்த மூணு பேரோட நானும் நிக்கறனுங்க தம்பி. காலையில எட்டுக்கு நின்னா ராத்திரி ஒன்பது. அவங்க கூலி கழியுதுன்னீங்க. என் கூலி எங்க?"

எங்கே? எங்கும் இல்லை! தனி ஒருவர் நடத்தும் தொழிலிலே, உரிமையாளர் தமக்குத் தாமே சம்பளம் எழுதிக்கொள்ள முடியாது. மூன்று தொழிலாளரின் வியர்வை செலவு. நான்காவது ஆளின் வியர்வை இலாபம். ஏனென்றால் அவர் பெயர் முதலாளி. கையிலே காய்ப்பு, சட்டையிலே எண்ணெய், கண்ணிலே தூக்கம். ஆனால் ஏட்டிலே முதலாளி!

சரி, இதே பட்டறையை அண்ணனும் தம்பியும் கூட்டாக நடத்தினால்? உழைக்கும் பங்காளிக்குச் சம்பளம் எழுதலாம். கூட்டு ஒப்பந்தப் பத்திரத்திலே அதற்கு இடம் எழுதியிருக்க வேண்டும். 2024-இல் மாற்றிய அளவின்படி, இலாபத்தின் முதல் 6 இலட்சத்திற்கு, 3 இலட்சம் அல்லது 90 விழுக்காடு, இரண்டில் எது கூடுதலோ அது. அதற்கு மேற்பட்ட இலாபத்தில் 60 விழுக்காடு. அந்த வரம்பு வரை சம்பளம் கழியும். ஆனால் மிஞ்சிய இலாபத்திற்கு, முதல் ரூபாயிலிருந்தே 30 விழுக்காடு வரி. அதன்மேல் 4 விழுக்காடு செஸ்.

இதையே கம்பெனியாகப் பதிந்துகொண்டால்? இயக்குநர் சம்பளம் செலவு. அவர் ஏறிப்போகும் காரும் செலவுக் கணக்கு. 2019 செப்டம்பர் 20-ஆம் நாள் ஓர் அவசரச் சட்டம் வந்தது. சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு வரி 22 விழுக்காடு. 2024 மார்ச் வரை உற்பத்தி தொடங்கிய புது ஆலைக் கம்பெனிகளுக்கு 15 விழுக்காடு. இதனால் அரசுக்கு ஆண்டுக்கு 1 இலட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வரவு குறையும் என்று சொன்னது வேறு யாருமல்லர், ஒன்றிய அரசேதான். பேரம் பேசவல்ல பெருங்கம்பெனிக்கு 22. அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் பட்டறைக்கு 30. இதற்குப் பெயர் சம நீதியா?

மாதச் சம்பளக்காரர்களை எடுத்துக்கொள்வோம். புதிய வரிமுறையிலே அவர்களுக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவு. பில் வேண்டாம், ரசீது வேண்டாம், கேள்வி வேண்டாம், அப்படியே கழித்துக்கொள்ளலாம். அவர்களுக்கு அது கிடைப்பதிலே நமக்கு மகிழ்ச்சியே. அவர்களும் உழைப்பாளிகள்தாம். நாம் கேட்பது ஒன்று: சம்பளக்காரருக்குப் பேருந்துக் கட்டணமும் சட்டைத் துணியும் செலவென்று ஒப்புக்கொண்ட அரசு, சொந்தப் பட்டறையிலே நிற்பவரின் உழைப்புக்கு ஏன் ஒரு நிலைக்கழிவு தரக்கூடாது?

அந்தப் பட்டறையிலே இன்னும் ஒருவர் இருந்தார். நண்பரின் துணைவியார். கடைந்தெடுத்த உருப்படிகளின் விளிம்பிலே நிற்கும் பிசிறை அரத்தால் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். எண்ணிக் கட்டுவதும், சலான் எழுதுவதும் அவர்தாம். அவருக்குக் கூலி எழுதலாமா? எழுதலாம், ஆனால் சட்டம் அதைத் திருப்பிக்கொண்டுவந்து கணவன் வருமானத்தோடேயே சேர்த்துவிடும். கணவன் கணிசமான பங்கு வைத்திருக்கும் தொழிலிலே மனைவி பெறும் சம்பளம், கணவன் வருமானம் என்றே கொள்ளப்படும். மனைவிக்குத் தொழில்நுட்பத் தகுதி இருந்து, அந்தத் தகுதியாலேயே அச்சம்பளம் வந்தால் மட்டும் விலக்கு. பட்டச்சான்றுதான் தகுதி என்பதில்லை, பட்டறிவும் தகுதியே என்று சொன்ன உயர்நீதிமன்றத் தீர்ப்பும் உண்டு. ஆனால் தீர்ப்பைத் தேடிப் போவதற்கு வழக்கறிஞர் வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் வேண்டும்.

பொறியியல் பட்டம் பெற்ற மனைவிக்குச் சம்பளம் எளிதிலே நிற்கும். பதினைந்தாண்டு அரம் பிடித்துக் கை காய்த்த மனைவிக்கோ, அது கணவன் வருமானமாகும். மனைவி கைக்குப் பெயரளவில் சம்பளம் எழுதி வரியைக் குறைத்துக்கொள்ளும் பணக்காரத் தந்திரத்தைத் தடுக்க வந்த விதி இது என்பதை நாம் அறிவோம். ஆனால் தந்திரக்காரனைப் பிடிக்கப் போட்ட வலையிலே, உழைக்கும் பெண்ணின் கை அல்லவா சிக்கிக்கொண்டது!

மூன்று வாசல்

"இவ்வளவு தொல்லை எதற்கு? உத்தேச வரி இருக்கிறதே!" என்று சிலர் சொல்வார்கள். ஆமாம், இருக்கிறது. ஆண்டுப் புழக்கம் 2 கோடி வரை உள்ள சிறுதொழில், கணக்கேடு காட்டாமலே, புழக்கத்திலே 8 விழுக்காட்டை இலாபமென்று சொல்லி வரி கட்டலாம். வங்கி வழியாகவும் க்யூ.ஆர். அட்டை வழியாகவும் வந்த பணத்திற்கு 6 விழுக்காடு போதும். ரொக்க வரவு 5 விழுக்காட்டுக்கு மேற்படாதவர்களுக்கு வரம்பு 3 கோடி. தரகர்களுக்கும் முகவர்களுக்கும் இந்த வாசல் இல்லை. எல்லாச் செலவும் இதிலேயே கழிந்ததாகக் கொள்ளப்படும். ஏழை எளியவருக்கு இது நல்ல வாசல்தான். ஆனால் எல்லாருக்குமா?

ஒரு மளிகைக்கடையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுப் புழக்கம் 1 கோடியே 80 இலட்சம். மளிகையிலே இலாபம் மெலிது. செலவெல்லாம் போக நூற்றுக்கு 3 ரூபாய் நிற்கிறது என்று கொள்வோம். ஆக, உண்மை இலாபம் 5,40,000.

முதல் வாசல்: நோட்டீசுக்குப் பயந்து க்யூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டார். எல்லாம் ரொக்கம். கணக்கேடு இல்லை. 8 விழுக்காடு என்றால் 14,40,000 இலாபம் என்றாகிறது. 2025-26 நிதியாண்டில் வந்த புதிய வரிமுறை அளவுகளின்படி, வரி 96,000, செஸ் 3,840, ஆக மொத்தம் 99,840 ரூபாய்!

இரண்டாம் வாசல்: அட்டையைக் கழற்றவில்லை. எல்லாம் வங்கி வழி. 6 விழுக்காடு என்றால் 10,80,000. அந்த முறையிலே 12 இலட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரித் தள்ளுபடி. ஆகவே வரி, சுழி.

மூன்றாம் வாசல்: சிட்டை எழுதினார், பேரேடு எழுதினார், ரசீதுகளைக் கோத்து வைத்தார். உண்மை இலாபம் 5,40,000 என்று காட்டினார். தணிக்கை தேவைப்பட்டால் ஆடிட்டருக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். வரி, சுழி.

பாருங்கள் தோழர்களே, பயந்து ஒளிந்தவருக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம். வெளிச்சத்திலே நின்றவருக்கு ஒன்றுமில்லை! அட்டையைக் கழற்றினால் அதிகாரி கண்ணிலிருந்து தப்பலாம் என்று யோசனை சொல்பவர்கள், அவர் பையிலேயே ஓட்டை போடுகிறார்கள்.

அப்படியானால் இரண்டாம் வாசலே போதாதா, மூன்றாவது எதற்கு? 2023 டிசம்பர் 17, 18-ஐ நெல்லைத் தோழர்களையும் தூத்துக்குடித் தோழர்களையும் கேளுங்கள். காயல்பட்டினத்திலே ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை. கடைக்குள்ளே வெள்ளம். அரிசி மூட்டை புளித்தது, பருப்பு முளைத்தது. உத்தேசக் கணக்கிலே நட்டம் என்ற சொல்லே கிடையாது. மூழ்கிய கடைக்கும் ஆறோ எட்டோ இலாபம் உண்டு என்றே அது சொல்லும். "எனக்கு நட்டம்" என்று சொல்ல வேண்டுமானால் அந்த வாசலை விட்டு வெளியே வந்து ஏட்டைக் காட்ட வேண்டும். சரக்கு எவ்வளவு இருந்தது, எவ்வளவு அழிந்தது, இன்ஷூரன்ஸ் எவ்வளவு தந்தது என்று எழுதியிருக்க வேண்டும். காலத்திலே கணக்குத் தாக்கல் செய்தால், அந்த நட்டத்தை எட்டு ஆண்டு வரை பின்வரும் இலாபங்களிலே ஈடு செய்துகொள்ளலாம். ஒன்றை மறவாதீர்: உத்தேச வாசலுக்குள் போனவர், ஐந்தாண்டு முடியுமுன் வெளியே வந்தால், அடுத்த ஐந்தாண்டுக்கு அது திறக்காது. நுழையும்போதே யோசித்து நுழைய வேண்டும்.

நமக்கும் ஓர் ஆயுதம்

சட்டம் முழுவதும் எளியவருக்கு எதிர் என்று சொல்லிவிட மாட்டோம். நம் கைக்கும் ஓர் ஆயுதம் வந்திருக்கிறது. கோவைப் பட்டறைக்காரரும் திருப்பூர் ஜாப் வேலைக்காரரும் பெரிய கம்பெனிக்கு வேலை செய்துவிட்டு, பணத்திற்கு ஆறு மாதம் அலைவது நாம் அறியாததா? 2023-24 கணக்காண்டு முதல் ஒரு விதி. பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை, ஒப்பந்தம் இல்லையேல் 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தால் மிஞ்சிப் போனால் 45 நாளிலும் வாங்கியவன் கொடுத்துவிட வேண்டும். தவறினால், எந்த ஆண்டிலே உள்ளபடி பணம் கொடுக்கிறானோ அந்த ஆண்டிலேதான் அதைச் செலவென்று கழிக்க முடியும். நமக்குத் தராத பணத்திற்கு அவன் வரி கட்ட வேண்டும்!

அதோடு 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, தாமதத்திற்கு வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. அந்த வட்டியையும் அவன் செலவாகக் கழிக்க முடியாது. முறையிட மன்றமும் உண்டு. ஆனால் இந்த ஆயுதம், உற்பத்தி செய்பவருக்கும் சேவைத் தொழில் செய்பவருக்கும்தான். வாங்கி விற்கும் வணிகருக்கு இல்லை. அதுவும், உத்யம் பதிவு எண் பில்லிலே இருந்தால்தான் எடுத்து நீட்ட முடியும். நண்பரிடம் பில் புத்தகம் இருந்தது. பதிவு எண் இல்லை. "கேட்டா ஆர்டர் போயிருமுங்க" என்றார். அவர் அச்சம் நியாயமானது. ஒருவர் கேட்டால் ஆர்டர் போகும். தெரு முழுவதும் உள்ள பட்டறைகள் சேர்ந்து கேட்டால்? எத்தனை பேருடைய ஆர்டரை எடுத்துக்கொண்டு எங்கே போவார்கள்?

2019 ஜூலை 5-ஆம் நாள், ஒன்றிய நிதியமைச்சர் நிதிநிலை அறிக்கை படிக்கும்போது, நம் பிசிராந்தையாரின் புறநானூற்றுப் பாட்டைச் சொன்னார். பாண்டியன் அறிவுடைநம்பிக்கு அப்புலவர் சொன்ன அறிவுரை அது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலுக்குள் புகுந்தால் வாய்க்குள் போவதைவிடக் காலடியில் அழிவதே மிகுதி என்பது அதன் கருத்து. நல்ல பாட்டு. நாடாளுமன்றத்திலே தமிழ் ஒலித்ததும் நன்று. அதற்குப் பின் இரண்டரைத் திங்களிலே வந்ததுதான் 22 விழுக்காட்டு அவசரச் சட்டம். கவளம் யாருக்கு, காலடி யாருக்கு என்று எண்ணிப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டல்லவா?

வரியே வேண்டாம் என்று சொல்பவர்கள் அல்லர் நாம். பள்ளியிலே சத்துணவும், ஊரிலே மருத்துவமனையும், மழைக்குப் பின் பாலமும் வரிப் பணத்திலே வருபவை. கட்ட வேண்டியதைக் கட்டுவோம். கழிக்க வேண்டியதைக் கழிக்கச் சொல்வோம். சொந்தத் தொழிலிலே நிற்பவரின் உழைப்புக்குச் சம்பளக்காரருக்குள்ள நிலைக்கழிவையாவது தருக! பட்டமில்லாப் பெண்ணின் உழைப்பையும் உழைப்பென்று எழுத இடம் தருக! சிறு கூட்டுத்தொழிலின் முதல் சில இலட்சத்துக்காவது 30 விழுக்காட்டைத் தளர்த்துக! வரவைக் கண்டு நோட்டீஸ் அனுப்புமுன், செலவென்ன என்று ஒரு வரி கேட்டு எழுதுக! இவை நம் கோரிக்கைகள்.

கோரிக்கை நிறைவேறும்வரை நாம் சும்மா இருக்கலாமா? ஊருக்கு ஊர் நம் படிப்பகங்கள் இருக்கின்றன. அங்கே ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பத்தாம் வகுப்புப் படித்த தம்பி போதும். தெருவிலுள்ள கடைக்காரர்களை உட்கார வைத்து, அவ்வாரச் செலவை எழுதச் சொல்லட்டும். தேதி, யாருக்கு, எதற்கு, எவ்வளவு, எப்படிக் கொடுத்தது என்று ஐந்து கட்டம் போதும். ரசீதை ஒரு கம்பியிலே குத்தி வைக்கட்டும். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைக்கட்டும். வீட்டுச் செலவையும் கடைச் செலவையும் ஒரே பையிலே போட்டுக் குழப்பாதிருக்கட்டும்.

விடைபெறும்போது லேத் நண்பர் அந்தப் பழைய நோட்டை மூடவில்லை. துணைவியாரைக் கூப்பிட்டு, அன்று இரும்புக் கடைக்குக் கொடுத்த தொகையை எழுதச் சொன்னார். அந்த அம்மையார் அரத்தைக் கீழே வைத்தார், கையைத் துடைத்தார், எழுதினார். எண்ணெய் படிந்த அந்த முதல் வரி, எந்த அதிகாரி முன்னும் நீட்டத் தக்க வரி!

எழுதாத செலவு, செய்யாத செலவு. எழுதுங்கள், தோழர்களே, எழுதுங்கள்!